ஏரியைச் சுற்றப் போகிறவர்கள்

பெப்ரவரி 9

ஏரியைச் சுற்றப் போகிறோம் என்று என் மகள் இன்று மத்தியானம் சொன்னாள். கோயிலைச் சுற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். வேலை இல்லாமல் ஊரைச் சுற்றுகிறவர்களையும் தெரியும். ஏரியை எதற்காக ஒரு மனிதன் சுற்றவேண்டும்?

ஆரணிக்கு இருபத்தொன்பது வயது. மருந்தாளராக இருக்கிறாள். கைல் என்ற ஒரு வெள்ளைக்காரப் பெடியனோடு இரண்டு வருடமாகப் பழக்கம். அவன் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் திருத்துகிறவன். கல்யாணம் செய்யும் யோசனையாம். அதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று அறியவேண்டுமாம். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு தட்டுப் பலகாரமும் தேத்தண்ணீரும் போதும். இவர்களுக்கு ஓர் ஆர்.வி. வேண்டும். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாவற்றையும் ஒரு பஸ்ஸுக்குள் ஏற்றிக்கொண்டு வீதியில் ஓடுவதற்கு அப்படியொரு பெயர்.

"ரெண்டு கிழமைதானப்பா. யூலையிலை. சுப்பீரியர் ஏரியைச் சுத்தி, கனடாப் பக்கத்தாலை போய் அமெரிக்காப் பக்கத்தாலை திரும்பி வாறது."

"ஆரின்ரை வண்டி?"

"கைலின்ரை அப்பா கிளென்ரை. ஆறு பேர் படுக்கலாம்."

"அடுப்புக்கும் கக்கூசுக்கும் இடையிலை எவ்வளவு தூரம்?"

மகள் தாயின் பக்கம் திரும்பினாள். என் மனைவி இந்திராணிதான் கோப்பை கழுவியபடியே, "நான் வாறன் பிள்ளை" என்றாள். நெடுஞ்சாலையில் ஏறப் பயந்து, வேலைக்குச் சின்னத் தெருக்களாலேயே வளைந்து வளைந்து போகிறவள். அவளுக்கு ஏரி வேண்டுமாம்.

பெப்ரவரி 10

யோசித்துப் பார்த்தேன். எதிர்த்தால் மகளுக்குப் பிடிவாதம் வரும். கூடவே நின்று கேள்வி கேட்டால் எந்தத் திட்டமும் தானாகவே உடைந்துவிடும். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து போன கார்த்திகையில்தான் ஓய்வு பெற்றேன். குறை கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்குத்தான் இத்தனை வருடம் எனக்குச் சம்பளம் தந்தார்கள். இதற்கு ஒன்று ஒட்டமாட்டேனா?

நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆரணி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாவம்.

பெப்ரவரி 23

கைலின் பெற்றோர் வீடு ஒரில்லியாவில். எங்கள் ஸ்காபரோ வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். ஆரணிக்கு அன்று வேலை, நானும் இந்திராணியும்தான் போனோம். வீட்டுக்கு முன்னால் பனிக்குள் அந்த வண்டி நின்றது. நோயாளரைக் காவும் அம்புலன்ஸுக்கும் ஐஸ்கிரீம் வண்டிக்கும் பிறந்த பிள்ளைபோல இருந்தது.

கிளென் காகித ஆலையில் வேலை செய்தவர். உடம்பு பெரிது, பேச்சு கொஞ்சம். என் பெயரைக் கேட்டார். சோதிநாதன் என்றேன். இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, "ஜோ என்று கூப்பிடலாமா?" என்று கேட்டார். சாத்திரியார் எழுத்துப் பார்த்து வைத்த பெயரை ஒரு நிமிடத்தில் நறுக்கிக் கையில் தந்துவிட்டார்.

அவருடைய மனைவி மார்லீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வாசலிலேயே இந்திராணியைக் கட்டிப்பிடித்தார். இந்திராணி விறைத்துப்போய் நிற்பாள் என்று பார்த்தேன். அவளும் கட்டிப்பிடித்தாள். மத்தியானச் சாப்பாடு அவித்த கிழங்கு, அவித்த கரட், அவித்த இறைச்சி. ஆசுப்பத்திரியில்கூட இதைவிடக் கொஞ்சம் உப்புப் போடுவார்கள்.

பிறகு மேசையில் ஏரியின் வரைபடத்தை விரித்தார்கள். கிளென் தடித்த விரலால் இரவு தங்கும் இடங்களைக் காட்டினார். எல்லாம் முகாம்கள். முகாமில் இருக்கக்கூடாது என்றுதான் நாங்கள் இந்த நாட்டுக்கே வந்தது. இவர்கள் முகாமுக்குப் போக ஆறு மாதம் முந்தியே இடம் பிடிக்கிறார்கள்.

என் வேலையைத் தொடங்கினேன்.

"கரடி இருக்கிறதா?"

"இருக்கும்" என்றார் கிளென்.

"வந்தால்?"

"சாப்பாட்டையெல்லாம் வண்டிக்குள்ளே வைத்துப் பூட்டிவிடுவோம்."

"நாங்களும் வண்டிக்குள்ளேதானே இருப்போம்?"

கிளென் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எழும்பிப் போய் மார்லீனிடமும் சொல்லிச் சிரித்தார். நான் பகிடியாகச் சொல்லவில்லை.

மார்ச் 2

ஆரணி இரவுச் சாப்பாட்டுக்கு வந்தாள். ஒரில்லியா எப்படி என்று கேட்டாள். நான் வாயால் சொல்லவில்லை, நடித்தே காட்டினேன்.

கைல் பகிடி சொல்லும் விதம் ஒன்று இருக்கிறது. பாதியிலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். மிச்சப் பாதி அந்தச் சிரிப்புக்குள்ளே முங்கிச் செத்துப்போகும். கடைசியில் தன் தொடையில் தானே ஒரு அடி. விளங்கியதோ என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பான். அதை அப்படியே செய்தேன், தொடையில் அடியையும் சேர்த்து. ஆரணி சோற்றுக் கையோடு மேசையில் கவிழ்ந்துவிட்டாள்.

"அப்பா, காணும்! ஐயோ, காணும்!"

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பல்கலைக்கழகம் போன நாளிலிருந்து இவள் என்னோடு கதைப்பதெல்லாம் போனைப் பார்த்தபடிதான். இன்று போன் கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

மார்ச் 16

ஒரில்லியா. மறுபடியும் அவித்த கரட்.

மார்ச் 30

அவர்களுடைய திட்டத்தில் நான் கண்ட ஓட்டைகளை இந்த மாதம் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அமெரிக்க எல்லையில் கறித்தூளைப் பறித்துவிடுவார்கள் என்றேன். தண்டர் பே நகரத்தில் இந்தியக் கடை இருக்கிறது, எல்லை தாண்டுவதற்கு முன்னால் சமைத்து முடிப்போம் என்றார் கிளென். நுளம்பு என்றேன். வலை அடித்து வைத்திருக்கிறார். இந்திராணிக்கு முழங்கால் நோ, வண்டிப் படி உயரம் என்றேன். அடுத்தமுறை போனபோது படிக்குக் கீழே இன்னொரு படி பலகையில் செய்து பூட்டியிருந்தார்.

இந்த மனிதருக்கு ஒரு கேள்வியின் உள்நோக்கம் விளங்காது. தடி ஒன்றை எறிந்தால் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து தருகிற இனம். "ஜோ எல்லாவற்றையும் யோசிக்கிறார், இவர் இல்லாவிட்டால் நாங்கள் காட்டில்தான் நின்றிருப்போம்" என்று மார்லீனிடம் சொன்னார், நான் கேட்கக்கூடியதாக.

ஆரணி இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள். வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, இந்தமுறை என்ன கண்டனீங்கள்?" என்கிறாள். படிக்குக் கீழே படி செய்த கதையைச் சொன்னேன்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. கைல் வேட்டி கட்டி வந்தான். சுவர்க் கண்ணாடியைத் துடைக்கிற துணியைப்போல அதைச் சுற்றியிருந்தான். வாசலில் கையைக் கூப்பி, "சாப்ட்டீங்களா?" என்றான். போனில் படித்ததாம். படித்ததும் படித்தான், இந்தியத் தமிழைப் போய்ப் படித்திருக்கிறான்.

பொங்கலை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். பிறகு, மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று இந்திராணி சொல்லிவிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் திருத்திவிட்டு வந்தான். நான் போன மாதமே திருத்துவதாக இருந்தேன்.

அவன் போன பிறகு வேட்டியோடு அவன் படி ஏறியதை நடித்தேன். ஆரணி சிரித்தாள். இந்திராணி சிரிக்கவில்லை.

ஏப்ரல் 27

பனி முழுக்கக் கரைந்துவிட்டது. வண்டியைச் சோதிக்க வரும்படி கிளென் கேட்டிருந்தார். எண்ணெய் மாற்றியாயிற்று, எல்லாம் சரி என்றார். எல்லாம் சரி என்று ஒருவன் சொன்னால் என் கை தானாக டோர்ச் லைட்டைத் தேடும்.

கூரையில் ஏறிப் பார்த்தேன். பொருத்து ஓரம் முழுக்க வெடிப்பு. ஒரு நல்ல மழைக்குத் தாங்காது. உள்ளே கட்டிலுக்கு மேலே பலகை ஊறி மெத்தென்று இருந்தது. விரலால் அழுத்திக் காட்டினேன். இப்போது திட்டம் உடைந்தது என்று நினைத்தேன். இதை வைத்துக்கொண்டு யார் பயணம் போவார்கள்?

கிளென் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "இதை நான் கண்டிருக்கவே மாட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எப்படிச் சரி செய்யலாம்?" என்றார்.

பழைய பூச்சு முழுவதையும் சுரண்ட வேண்டும் என்றேன். அவர் சுரண்டுகிற விதம் சரியில்லை. கருவியை வாங்கி நானே சுரண்டினேன். பூசுகிற விதமும் சரியில்லை. அதையும் நானே செய்யவேண்டியதாயிற்று. இரண்டு பேரும் கூரையில் இருந்தபடியே சாண்ட்விச் சாப்பிட்டோம். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அது ஒன்றுதான் அந்த மனிதரிடம் சகிக்கக்கூடிய குணம்.

நேரம் போனது தெரியவில்லை. பொழுதுபட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மே 4

கூரைக்கு இரண்டாம் பூச்சு. நான் இல்லாமல் செய்தால் குளறுபடி செய்வார் என்பதால் போனேன்.

மே 11

இன்று நடந்ததை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். பெரிய கடையொன்றின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் இந்திராணி அந்த வண்டியை ஓட்டினாள். பக்கத்தில் மார்லீன். முன்னுக்குப் போனாள், வளைத்தாள், பின்னுக்கு எடுத்தாள். கண்ணாடிக்குள்ளால் எனக்குக் கை காட்டினாள். நான் பதிலுக்குக் காட்டவில்லை. ஓட்டும்போது கை காட்டுவது சட்டப்படி பிழை.

பிறகு கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் முறையைக் கிளென் எங்களுக்குப் படிப்பித்தார். தடித்த குழாய் ஒன்று. ஒரு முனை வண்டியில், மறு முனை நிலத்து ஓட்டையில். அதற்கென்று ஒரு கையுறை. அதற்கென்று ஒரு பாட்டும் வைத்திருக்கிறார், வேலை முடியும்வரை சீழ்க்கையில் அடிப்பார். எங்கள் பரம்பரையில் வாத்தியார்கள் இருந்திருக்கிறார்கள், ஊரை ஆண்ட விதானை இருந்திருக்கிறார். அவர்களுடைய வாரிசு ரப்பர்க் கையுறையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வரவேற்கிறோம், ஜோ" என்றார் கிளென்.

மே 19

இன்று நான் தொடங்க முதலே ஆரணி தொடங்கிவிட்டாள். கைல் நூடுல்ஸ் உறிஞ்சுவதை நடித்தாள். தலையைச் சரித்து, ஒரு கண்ணை மூடி. என்னைவிட நன்றாகச் செய்தாள். மருந்துக் கடையில் நின்றபடி அவன் அனுப்பும் செய்திகளை வாசித்தும் காட்டினாள். ஒவ்வொன்றிலும் மூன்று வியப்புக்குறி.

"அவன்ரை சிரிப்பைக் கேக்க இப்ப எனக்குப் பல்லுக் கூசுதப்பா" என்றாள், சிரித்துக்கொண்டே.

என் மகள்தான். சந்தேகமே இல்லை.

மே 25

இந்திராணி சண்டைக்கு வந்தாள். பாத்திரத்தைப் போட்ட சத்தத்திலேயே விளங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ, இந்த நடிப்பை இனி விடுங்கோ."

"பிள்ளை சிரிக்குது. உமக்கென்ன?"

"பிள்ளை சிரிக்குதுதான். போன கிழமை அந்தப் பெடியன் இஞ்சை இருக்கேக்கை பிள்ளை அவனைப் பாத்த பார்வையைக் கண்டனீங்களோ?"

"என்ன பார்வை?"

"நீங்கள் பாக்கிற பார்வை."

எனக்கு அப்படியொரு பார்வை கிடையாது. உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஒரு பொருளில் குறை இருந்தால் இருக்கிறது என்று சொல்வதில் என்ன பாவம்? ஆனால் இந்திராணி வாதத்துக்கு நிற்கமாட்டாள். சொல்லிவிட்டு மார்லீனுக்குப் போன் எடுத்து, சம்பலுக்குத் தேங்காய்ப்பூ எங்கே வாங்கலாம் என்று அரை மணித்தியாலம் கதைத்தாள். தன்னுடைய அந்த அரைகுறை ஆங்கிலத்தில், ஒரு வெட்கமும் இல்லாமல்.

யூன் 8

முடிந்துவிட்டது.

ஆரணி காலையிலேயே வந்தாள். ஞாயிறு அல்ல. சப்பாத்தைக் கழற்றாமல் சோபாவில் இருந்தாள். கைலிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"என்ன செய்தவன்?" என்று கேட்டேன். எழும்பியும்விட்டேன். அவன் ஏதும் பிழையாக நடந்திருந்தால் அந்த நிமிடமே ஒரில்லியாவுக்குப் போயிருப்பேன்.

"ஒண்டும் செய்யேல்லை."

"பிறகேன்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, கம்பளத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நேற்று என்ரை சிநேகிதி வீட்டிலை விருந்து. கைல் ஒரு கதை சொன்னவன். பாதியிலையே சிரிச்சிட்டான். எல்லாரும் அவனோடை சேந்து சிரிச்சினம். எல்லாருக்கும் அவனைப் பிடிக்குமப்பா. நான் மட்டும், இதை அப்பா வீட்டிலை எப்பிடிச் செய்து காட்டுவார் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். கதை முழுக்க. பிறகு காரிலை வரேக்கை அவன்ரை முகத்தைப் பாத்தன். என்னாலை பாக்க முடியேல்லை. எதைப் பாத்தாலும் பகிடியாத்தான் தெரியுது. சாப்பிடுறது, நடக்கிறது, நித்திரை கொள்ளுறது. எல்லாம். முந்தி எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் பிடிச்சது."

இந்திராணி சமையலறை வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

நான் என்ன சொல்வது? நான் வேண்டிக்கொண்டதுதான் நடந்திருக்கிறது. லிஃப்ட் திருத்துகிறவன் போனான். இனி ஒரு நல்ல இடமாகப் பார்க்கலாம்.

யூன் 9

புல்லு வெட்டினேன். முன்பக்கமும் பின்பக்கமும். பக்கத்து வீட்டுக்காரனுடையதையும்.

யூன் 15

கிளென் போன் எடுத்தார். பெயரைக் கண்டதும் எடுப்பதா விடுவதா என்று யோசித்தேன். எங்கள் ஊரில் ஒரு சம்பந்தம் குழம்பினால் மூன்று தலைமுறைக்குச் செத்தவீட்டுக்கும் போகமாட்டோம். வேலியை ஆடு கடித்தாலும் அது அந்த வீட்டு ஆடாகத்தான் இருக்கும்.

"ஜோ, பிள்ளைகளின் விஷயம் கேள்விப்பட்டோம்" என்றார். "மார்லீன் அழுகிறாள். கைல் வேலைக்குப் போகிறான், வருகிறான், பேசுவதில்லை. ஆரணி எப்படி இருக்கிறாள்?"

"இருக்கிறாள்" என்றேன்.

"நல்ல பிள்ளை. எங்களுக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை என்று சொல்லுங்கள்." பிறகு தொண்டையைச் செருமினார். "இடமெல்லாம் பதிந்து கிடக்கிறது. கூரை நீங்கள் பூசியது. நாங்கள் நான்கு பேருமாகப் போனால் என்ன?"

இவர்களுக்கு ரோசம் என்ற ஒன்று படைக்கப்படவே இல்லை. ஒருவருடைய மகனை வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் தகப்பனை விடுமுறைக்குக் கூப்பிடுகிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். திரும்பிப் பார்த்தால் இந்திராணி பயணப்பையைக் கீழே இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் வந்தாலும் வராட்டிலும் நான் போறன்" என்றாள்.

அவள் தனியாகப் போனால் குழாய் பிடிப்பது யார்? அந்த மனிதர் மூடியைச் சரியாக இறுக்குவதே இல்லை. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

யூன் 22

ஆரணிக்குத் தெரியவந்துவிட்டது. இப்படி ஒரு கோபத்தை அவளிடம் நான் கண்டதில்லை.

"நீங்கள் எப்பிடியப்பா அவையோடை போவியள்? எனக்காகத்தானே பழகினனீங்கள்? இப்ப நானே இல்லை!"

"இடம் பதிஞ்சு கிடக்குப் பிள்ளை. வீணாப் போகும்."

"நாலு மாசமா அவையைப்பற்றி ஒரு நல்ல சொல்லு உங்கடை வாயிலை இருந்து வந்ததோ? சொல்லுங்கோ, ஒண்டு. கிளென் மடையன், மார்லீன் அவிக்கிற மெஷின், கைல் கோமாளி. நான் எல்லாத்தையும் நம்பினனான். இப்ப நீங்கள் அவையோடை பாட்டுப் படிச்சுக்கொண்டு ஏரி பாக்கப் போறியள்!"

"நான் சும்மா பகிடிக்கு…"

"எது பகிடி? அதைச் சொல்லுங்கோவன். எது பகிடி, எது உண்மை?"

அவர்களைப்பற்றி ஒரு நல்ல சொல்லைத் தேடினேன். தொழிற்சாலையில் நல்ல பொருளுக்கு நாங்கள் எதுவும் ஒட்டுவதில்லை. அது பேசாமல் போய்விடும். அந்தப் பழக்கம்.

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கண்ணாடி உடையவில்லை. நல்ல கதவு, நான் பார்த்து வாங்கியது.

யூன் 29

ஆரணி தாய்க்குப் போன் எடுத்தாள். மருந்துகளைச் சரியாக எடுத்துவைத்தோமா என்று கேட்டாளாம். என்னிடமும் கொடுக்கச் சொன்னாள்.

"போய்ச் சேந்தா ஒருக்கா எடுங்கோ" என்றாள். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை.

யூலை 5

ஒரில்லியா. காலையில் வெளிக்கிடுவது என்று திட்டம். மார்லீன் மூன்று தரம் வீட்டுக்குள் ஓடிப்போய் மறந்த சாமான்களை எடுத்துவந்தார். மூன்றாவது சாமான் கழுத்து ஆடும் ஒரு பிளாஸ்டிக் கொக்கு. எதற்கென்று நான் கேட்கவில்லை.

வண்டியின் மறுபக்கம் போனால் கைல் குந்தியிருந்து டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடியை எடுத்துவிட்டான். தாடி இல்லாமல் பார்க்கப் பத்தாம் வகுப்புப் பெடியன்போல இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான்.

"பின் டயரில் காற்றுக் குறைவு. நிரப்பிவிட்டேன்."

"நல்லது."

போகப் பார்த்தேன். அவன் நகரவில்லை.

"நான் ஒன்று கேட்கலாமா?" என்றான். "நான் என்ன பிழை செய்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்கிறாள். ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? தெரிந்தால் நான் திருத்திக்கொள்ளலாம். இதற்காக இல்லை. இனிமேலுக்காக. உங்களுக்குத் தெரியுமா?"

லிஃப்ட் திருத்துகிறவனின் கேள்வி. எது பழுதோ அதைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறான்.

"நீ ஒரு பிழையும் செய்யவில்லை" என்றேன்.

அவன் மிச்சத்துக்காகக் காத்திருந்தான். மிச்சம் என்னிடம் இருந்தது. நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அவன் சிரித்த ஒவ்வொரு சிரிப்பையும் திரும்பிப் பார்க்க நேரும். எந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று கணக்குப் பார்ப்பான். அவனுக்கு அது வேண்டாம் என்று பட்டது. எனக்கும் வேண்டாம்.

"உண்மையாகவா?"

"உண்மையாக. உன்னில் ஒரு குறையும் இல்லை."

தலையை ஆட்டினான். அதைக் கேட்டு அவனுக்கு ஆறுதல் வந்ததாகத் தெரியவில்லை. மிச்ச டயர்களையும் பார்க்கக் குனிந்தான். நான் பக்கத்தில் நின்று மூடிகளைப் பிடித்தேன்.

வெளிக்கிடும்போது வண்டிக்குள் ஏறி இந்திராணியின் கன்னத்தில் கொஞ்சினான். அவள் அழுதாள். மார்லீன் அழுதார். கிளென் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதில் ஒரு தூசியும் இல்லை.

யூலை 6

கூரை ஒழுகவில்லை. இரவு முழுக்க அடித்த மழைக்கும்.

யூலை 7

இன்று பின்னேரம் ஏரிக்கரை வந்து சேர்ந்தோம்.

இதை எப்படி எழுதுவதென்று யோசித்துப் பேனாவோடு இருக்கிறேன். உப்பில்லாத தண்ணீர் என்று தொடங்கலாம். கடல் என்று வேடம் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு குளம் என்றும் எழுதலாம். எழுதத் தெரியாமல் இல்லை. வண்டியால் இறங்கிக் கரைக்குப் போனேன். சின்னச் சின்னக் கூழாங்கற்கள், நடக்கக் காலுக்குள் உருண்டன. தண்ணீர் மறுகரை இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. காலை வைத்தேன். எலும்புவரை குளிர்ந்தது. எடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. இந்திராணி சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு மார்லீனின் கையைப் பிடித்தபடி இறங்கினாள். கூச்சலிட்டாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் இப்படிக் கூச்சலிட்டு நான் கேட்டதில்லை.

கிளென் அடுப்பை வெளியில் வைத்து மீன் பொரித்தார். நான் ஆரணிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, வந்து சேந்திட்டம்."

"சரி. எப்பிடி ஏரி?"

குரலில் ஒரு சின்ன இளக்கம். நான் தொடங்குவதற்காகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பதுபோல இருந்தது.

"பெரிசு. மற்றக் கரை தெரியேல்லை."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. நல்ல வடிவாயிருக்கு."

அவள் காத்திருந்தாள். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

"கிளென் என்ன செய்யிறார்?"

"மீன் பொரிக்கிறார். அம்மான்ரை மிளகாய்த்தூள் போட்டு. நல்லாத்தான் பொரிக்கிறார்."

"ம்."

"பிள்ளை, நாங்கள் வெளிக்கிடேக்கை கைல் வந்தவன். டயரெல்லாம் பாத்துத் தந்தவன்." போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "நல்ல பெடியன், பிள்ளை. நான் உண்மையாத்தான் சொல்லுறன். நல்ல பெடியன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"அப்பா."

"ஓம்."

"உங்களுக்கு உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

"இல்லையே."

"நெஞ்சு நோகுதோ? இடது கை விறைக்குதோ? மறைக்காமச் சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லைப் பிள்ளை, நான் நல்லாயிருக்கிறன்."

"போனை அம்மாட்டைக் குடுங்கோ."

கொடுத்தேன். இந்திராணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"இல்லையடி," என்றாள், "நல்லாத்தான் நிக்கிறார். சாப்பிடப் போறார். ஓம், பிரஷர்க் குளிசையும் போட்டவர்."